பத்திநாதர் காட்டிக்கொடுத்த தண்ணீர்

பத்திநாதரைக் கெட்ட மனிதர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் அடுத்தவர் பொருளில் கை வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை. செத்த வீடென்றால் முதல் ஆளாகப் போய்க் கதிரை அடுக்குவார், கடைசி ஆளாகத்தான் வீடு திரும்புவார். அவரிடம் இருந்தது ஒரேயொரு குறைதான். அடுத்தவன் நன்றாக இருப்பதைக் கண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இது இன்று நேற்று வந்த வியாதியல்ல. மன்னார்ப் பேசாலையில் சின்ன வயதில் அண்ணனும் அவரும் ஒரே வள்ளத்தில் போவார்கள், ஒரே மீனைத்தான் கொண்டு வருவார்கள். ஆனால் அண்ணன் கரையேறும்போது சீட்டியடித்துக்கொண்டு வருவான். கரையில் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பத்திநாதருக்குச் சீட்டியடிக்க வராது. அந்தக் கோபத்தில் பல நாள் அவர் அண்ணனோடு கதைக்காமல் இருந்தார். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு, கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு மனைவி இராசமணியோடு வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோதும் அந்தக் குணம் கூடவே இறங்கியது. கோவில் மண்டபத்தில் அகதிகளாகப் படுத்திருந்த காலத்தில் எல்லோரும் ஊரையும் வீட்டையும் நினைத்து அழுதார்கள். பத்திநாதர், பக்கத்துக் குடும்பத்துக்கு யன்னல் ஓரம் கிடைத்துவிட்டதே என்று புரண்டு புரண்டு படுத்தார்.

பிறகு பாலாவி உப்பளத்தில் கூலிக்கு நின்றார். உப்பு காலைத் தின்றது. களப்புக் கரையில் இறால் வளர்க்கும் தொழில் வந்தபோது அதில் வேலைக்குச் சேர்ந்து, தீன் போடுவதிலிருந்து நோய் பார்ப்பது வரை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே பழகினார். கடைசியில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் எடுத்துக் குளம் வெட்டினார். வடக்கிலிருந்து ஓடி வந்தவர்களில் அந்தக் கரையில் முதன்முதல் இறால் குளம் வெட்டியவர் அவர்தான். இதைக் கேட்பவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார்.

அந்தக் கரையின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. களப்பிலிருந்து ஒரு வாய்க்கால் உள்ளே வருகிறது. அதன் இரண்டு பக்கமும் இறால் குளங்கள். குளத்துக்குத் தண்ணீர் எடுப்பதும் அந்த வாய்க்காலில் இருந்துதான், குளத்துக் கழிவு போவதும் அந்த வாய்க்காலுக்குத்தான். ஆகவே ஒருவன் கழித்துவிட்டதை மற்றவன் தன் குளத்துக்கு எடுக்க நேரும். ஒரு குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கரை முழுவதும் படுத்துவிடும். அப்படிப் பல முறை படுத்தும் இருக்கிறது. அதனால்தான் சங்கம் நாள் குறித்துக் கொடுக்கும். இன்ன நாளில் இன்னார் தண்ணீர் எடுக்கலாம், இன்ன நாளில் இன்னார் விடலாம் என்று. அதற்கு மேலே நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கழிவுத் தண்ணீரை அப்படியே வெளியே விடக் கூடாது. தனியாக ஒரு குளத்தில் தேக்கி, சேறு அடியில் படிந்து, தண்ணீர் தெளிந்த பிறகுதான் விடலாம். அந்தக் குளத்தைக் கரையில் தெளிகுளம் என்பார்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் வருடா வருடம் அனுமதிப்பத்திரம் கிடைக்கும்.

தெளிகுளம் வெட்டுவதென்றால் இறால் வளரும் இடத்தில் ஒரு பகுதியை இழக்க வேண்டும். மனம் வராத காரியம். கரையில் பலர் நாளைக்கு, அடுத்த பருவத்துக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வெட்டியவன் றொபி.

இந்த றொபி யார் என்றால், பத்திநாதரிடம் வேலைக்கு நின்றவன். கண்டக்குழிப் பெடியன். மீசை அரும்பும் வயதில் வந்து சேர்ந்து, அவருடைய குளத்துக் குடிலில் படுத்து, அவரிடம் ஏச்சு வாங்கி, இராசமணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். சுஜியைக் கட்டிய பிறகு பத்திநாதருடைய குளத்துக்கு அடுத்த காணியைத் தானே குத்தகைக்கு எடுத்தான். அன்றைக்குப் பிடித்தது பத்திநாதருக்கு அந்தப் பழைய வியாதி.

றொபியின் இறால் பெருத்தது. பத்திநாதருடையது பெருக்கவில்லை. இரண்டு பேரும் போட்டது ஒரே தீன், விட்டது ஒரே இடத்துக் குஞ்சு. பத்திநாதர் இரவுபகலாக யோசித்தார். வரம்பில் நின்று றொபியின் குளத்துக்கு மேலே வானத்தைப் பார்ப்பார். இறாலுக்கு நோய் வந்தால் காகம் கூடும். ஒரு காகமாவது வட்டமடிக்கிறதா என்று பார்ப்பார். காகம் வரும், ஆனால் வந்து பத்திநாதருடைய குளத்து வரம்பில் உட்காரும்.

தெளிகுளம் வெட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசமானது. சுற்றாடல் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள், மெச்சினார்கள். பிறகு வேறு ஊர்ச் சங்கத்தார் வந்தார்கள். பிறகு கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் பத்திநாதருடைய படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருமுறை ஒரு வான்காரன் அவரிடமே நிறுத்தி, "ஐயா, றொபி எண்டவரின்ர மாதிரிக் குளம் எது?" என்று கேட்டான். பத்திநாதர் வாயே திறக்காமல் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அந்த வான் உப்பளம் வரை போய்த் திரும்பி வந்தது.

றொபி இன்னமும் அவரைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, "முதலாளி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். அந்த 'முதலாளி' என்ற சொல்தான் பத்திநாதருக்கு நெஞ்சில் முள். குத்திக்காட்டத்தான் அப்படிக் கூப்பிடுகிறான் என்று நினைத்தார். இனி அவனுடைய காணியில் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டார். சபதம் போட்டதோடு நிற்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பி நின்று முகம் கழுவுவதையும் விட்டார்.

தெளிகுளம் வெட்டச் சொல்லி அவருக்கும் அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். "அவன் வெட்டினதுக்காக நான் வெட்டவோ?" என்று இராசமணியிடம் பொரிந்து தள்ளினார். வெட்டவில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் மட்டும் வருடா வருடம் வந்தது. ஏன் வருகிறது என்று பத்திநாதர் ஒருநாளும் கேட்டதில்லை. தன்னுடைய அனுபவத்துக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்றே நம்பினார். சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது நாலு பேரிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறார்.

இந்த வருடம் மாசி மாதம் சங்கக் கூட்டம் நடந்தது. தலைவர் செய்னுலாப்தீன், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குளம் வைத்திருப்பவர். அவரும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். ஆகவே பத்திநாதருக்கும் அவருக்கும் பழைய ஊர்ப் பழக்கம் உண்டு. கூட்டம் தொடங்கியதும் செய்னுலாப்தீன் எழுந்து, இந்தப் பருவத்தில் றொபியின் இறால் கரையிலேயே நல்ல நிறையாக வந்திருக்கிறது என்றார். சபை கை தட்டியது. பத்திநாதருடைய இறாலை அந்த வாரம்தான் பிடித்திருந்தார்கள். விரல் பருமன்கூட இல்லை. அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நடந்தார். அதற்குப் பிறகுதான் யார் யார் எந்த நாளில் கழிவு விடுவது என்று வாசித்தார்கள். பத்திநாதருடைய நாளை அடுத்த வாரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவர் அதைக் கேட்கவில்லை. பிறகு யாரிடமும் விசாரிக்கவும் இல்லை, விசாரித்தால் மரியாதை குறைந்துவிடுமே.

குளத்தின் அடியில் கறுப்புச் சேறு கிடந்து நாறியது. தின்னாமல் மிஞ்சிய தீனும் இறாலின் கழிவும் சேர்ந்த சேறு. அதைக் கழித்தால்தான் குளத்தைக் காயப்போட்டு அடுத்த குஞ்சு விடலாம். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "என்ர குளம், என்ர மதகு, ஆரட்டக் கேக்க வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு தானே இறங்கி மதகுப் பலகையை இழுத்துத் தூக்கினார். கறுப்புத் தண்ணீர் சின்ன வடிகாலில் இறங்கி, கண்டல் மரங்களுக்குள் ஓடி மறைந்தது. அந்த வடிகால் கண்டலுக்குள் புகுந்து நேரே வாய்க்காலில் விழும் என்பதுதான் பத்திநாதருக்குத் தெரிந்தது. கண்டலுக்கு அந்தப் பக்கம் றொபியின் எல்லை. அந்தப் பக்கம் அவர் போய் வருடக்கணக்காகிறது.

மதகைத் திறந்த இரண்டாம் நாள் காலையில் பத்திநாதர் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தார். றொபியின் தெளிகுளத்திலிருந்து வாய்க்காலுக்குத் திறக்கிற வாயைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அதன் வழியாகக் கறுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் செய்னுலாப்தீன் தண்ணீர் எடுக்கும் நாள்.

பத்திநாதருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தன்றுகூட மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். மாதிரிக் குளமாம், கொழும்பு வானாம்! கையும் களவுமாக அகப்பட்டான். ஃபோனை எடுத்து நின்றும் குனிந்தும் படம் பிடித்தார். பிறகு சுற்றாடல் அலுவலகத்துக்கு எடுத்து, தன் பெயரை இரண்டு தரம் சொல்லி, கழிவுநீர்ச் சட்டத்தை மீறி ஒருவன் வாய்க்காலை நாசமாக்குகிறான் என்று முறையிட்டார். அத்தோடு விடாமல் செய்னுலாப்தீனுக்கும் எடுத்தார்.

றொபி மூன்று நாளாக ஊரில் இல்லை. சுஜியின் தம்பியின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கண்டக்குழிக்குப் போயிருந்தான். அது பத்திநாதருக்கு இன்னும் ருசித்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான், என்ன சாமர்த்தியம் என்று நினைத்தார்.

அலுவலகத்திலிருந்து ஃபர்ஸானா என்ற இளம் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தாள். இந்தப் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள். பின்னால் செய்னுலாப்தீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோபமாக வந்தார். அவருடைய குளத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் போய்விட்டது. இறால் கரையோரம் ஒதுங்கத் தொடங்கிவிட்டதாம்.

"நானே வழி காட்டிறன் மிஸ்" என்று பத்திநாதர் முன்னால் இறங்கினார். றொபியின் காணியில் கால் வைத்தபோது சபதம் நினைவுக்கு வந்தது. சட்டத்தோடு போகிறபோது சபதம் பொருட்டில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஃபர்ஸானா தெளிகுளத்து வாயருகே நின்று போத்தலில் தண்ணீர் எடுத்தாள். பிறகு தெளிகுளத்தைப் பார்த்தாள். விளிம்பு வரை கறுப்பாக நிறைந்து தானாக வழிந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் றொபியின் இறால் குளத்துக்குப் போனாள். அங்கே தண்ணீர் பச்சையாக, நிறைந்து, அமைதியாகக் கிடந்தது. மதகு இறுக்கிப் பூட்டியிருந்தது. பலகையில் பழைய சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"இவர் இங்கிருந்து தொறக்கவே இல்ல போல" என்றாள் ஃபர்ஸானா. "அப்ப இந்தக் கழிவு எங்கால வருது?"

"கள்ளன் மிஸ் அவன். எங்கேயோ ஒளிச்சுக் குழாய் வெச்சிருப்பான்" என்றார் பத்திநாதர்.

சொன்னபடியே குழாய் இருந்தது. தெளிகுளத்தின் மறுகரையில், கண்டல் வேருக்குள், ஒரு பெரிய குழாயின் வாய் தெரிந்தது. அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பத்திநாதர் வெற்றியோடு செய்னுலாப்தீனைப் பார்த்தார். பிறகு அவரே முந்திக்கொண்டு கண்டலுக்குள் நுழைந்தார். கிளைகளை ஒதுக்கிக் கொடுத்தார், சேற்றில் வழுக்குமென்று அதிகாரிக்கு எச்சரிக்கை சொன்னார். "இஞ்சால வாங்கோ பிள்ளை, கையோட பிடிப்பம்" என்றார். குழாய் முடிந்த இடத்தில் ஒரு வடிகால் வந்தது. வடிகாலின் இரு பக்கமும் புதிய கறுப்புச் சேறு. மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார்கள். கண்டல் விலகியது. ஒரு வேலி தெரிந்தது, வேலியில் நீலக் கோடு போட்ட சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

செய்னுலாப்தீன்தான் முதலில் நின்றார்.

"பத்தி, இது உன்ட சாரமெல்லோ?"

பத்திநாதர் சாரத்தைப் பார்த்தார். சாரத்துக்குக் கீழே தன் மதகைப் பார்த்தார். பலகை தூக்கியபடி கிடந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சமைத்துக்கொண்டிருந்த இராசமணி குசினியிலிருந்து வெளியே வந்தாள். ஆட்களையும் கணவனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஒளிப்பதில் பிரயோசனமில்லை என்று நினைத்தாளோ என்னவோ, எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

"அந்தக் குழாய் நான் கேட்டுப் போடுவிச்சது மிஸ். தெளிகுளம் இல்லாட்டி எங்களுக்குப் பத்திரம் தரமாட்டினம் எண்டு சொன்னவை. இவர் வெட்ட மாட்டன் எண்டு நிண்டார். நான்தான் றொபியிட்டப் போய்க் கேட்டனான். அவன் எங்கட தண்ணியையும் தன்ர தெளிகுளத்துக்குத் திருப்பிப் போட்டு, அலுவலகத்திலயும் வந்து சொல்லிப்போட்டான். முந்தியிருந்த ஐயாவுக்குத் தெரியும். இவர் மதகு திறக்கிறதுக்கு முதல்நாள் நான் ஒரு சொல்லுச் சொல்லுவன், அவன் தன்ர தெளிகுளத்தை வடிச்சு இடம் வெச்சிருப்பான். இந்த முறை இவர் எனக்குச் சொல்லேல்லை."

பத்திநாதருக்கு இப்போதுதான் விளங்கியது. அப்படியென்றால் இத்தனை வருடம் அவருடைய அனுபவத்துக்கு வந்த பத்திரம் றொபி போட்ட பிச்சை. அதைச் சந்தியில் சொல்லிப் பெருமையடித்தது வேறு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்க எப்ப தொறந்தீங்க?" என்று ஃபர்ஸானா கேட்டாள். "இது உங்கட நாள் இல்லையே."

பத்திநாதர் தொண்டையைச் செருமினார். "நான் திறக்கேல்லை மிஸ். பலகை தானா வழுகி மேல வந்திருக்கும். தண்ணி அமுக்கியிருக்கும்."

இராசமணி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் பலகையை இழுத்துத் தூக்கியபோது அவள் குசினி வாசலில் நின்று பார்த்தவள். உடனே றொபியைத் தேடி ஓடியும் இருந்தாள், அவன் வீடு பூட்டிக் கிடந்தது.

விசாரணை அடுத்த கிழமை பாலாவியில், சங்க மண்டபத்தில் நடந்தது. செய்னுலாப்தீனின் இறாலில் ஒரு பங்கு செத்துப்போயிருந்ததால் கரை முழுவதும் திரண்டு வந்திருந்தது. பத்திநாதர் நல்ல சேட் ஒன்று போட்டுக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். மனதில் ஒரு பயம் இருந்தது, அதற்குக் கீழே ஒரு ஆசையும் இருந்தது. அந்த ஆசையை அவர் தன்னிடமிருந்துகூட மறைக்கவில்லை.

ஃபர்ஸானா எழுந்து நிலைமையைச் சொன்னாள். பத்திநாதரின் பலகை வழுகியது ஒரு விபத்து. அதற்கு எச்சரிக்கை மட்டும்தான். ஆனால் கழிவு வாய்க்காலுக்குள் போனது றொபியின் தெளிகுளத்து வாயால். அந்த வாயால் எது வெளியே போனாலும் அதற்குப் பத்திரக்காரன்தான் பொறுப்பு என்பது சட்டம். காவலுக்கு ஆள் வைக்காமல் போனது பிழை. ஆகவே வரும் பருவத்துக்கு றொபி குஞ்சு விட முடியாது, அவனுடைய பத்திரம் நிறுத்தி வைக்கப்படும்.

அதுதான் பத்திநாதர் விரும்பியது. ஒரு பருவம் முழுவதும் றொபியின் குளம் வெறுமையாகக் கிடக்கும். கொழும்பு வான் வராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பத்திநாதர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது றொபி எழுந்தான். கல்யாண வீட்டில் போட்ட மருதாணி சுஜியின் கையில் இன்னும் அழியவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் அழவில்லை.

"சரி மிஸ். என்ர வாயால போனது, என்ர பிழைதான்" என்றான். "செய்னுலாப்தீன் நானாவுக்குப் போன இறாலுக்கு என்னால ஏலுமானதைச் செய்வன். முதலாளியை ஒண்டும் சொல்லாதீங்க. அவரின்ர பலகை பழசு எண்டு எனக்குத் தெரியும். நான் போய்ப் பாத்து மாத்திக் குடுத்திருக்க வேணும். தொழில் பழக்கின மனுசனுக்கு அதையாவது செய்யாமல் விட்டிட்டன்."

மண்டபம் அப்படியே இளகிப்போனது. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். இறாலைப் பறிகொடுத்த செய்னுலாப்தீனே எழுந்து போய் றொபியின் தோளைத் தட்டி, "விடு தம்பி, அல்லாஹ் பாத்துக் கொள்ளுவான். உன்னப்போல ஒருத்தன் இந்தக் கரையில இல்ல" என்றார்.

பத்திநாதருக்குள் கொதித்து வந்தது. பருவத்தைப் பறித்தால் அவனுக்கு மதிப்பு இறங்கும் என்று பார்த்தால், அது இன்னும் ஒரு படி ஏறிவிட்டது! குளம் வெட்டினாலும் அவனைத்தான் மெச்சுகிறார்கள், குளத்தை மூடினாலும் அவனைத்தான் மெச்சுகிறார்கள். பிழை செய்தது யார், பெயர் வாங்குவது யார்? அதோடு பலகை பழசாம். போன வருடம்தான் முதிரைப் பலகையில் தானே அறுத்துச் செதுக்கிப் போட்டது. இரும்பு மாதிரி நிற்கிறது. பழியாக இருந்தாலும் தனக்குச் சேர வேண்டியதை இவன் எப்படித் தூக்கிக்கொண்டு போகலாம்? அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே எழுந்துவிட்டார்.

"அந்தப் பலகை பழசில்லை!" என்று கத்தினார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. "நல்ல முதிரைப் பலகை அது. தானா வழுகாது. நான்தான் தூக்கினனான். என்ர கையாலதான் தூக்கினனான். என்ர நாள் இல்லாத நாளில, ஒருத்தரையும் கேக்காமல். மிஸ்ஸுக்குச் சொன்னது பொய். பிழை முழுக்க என்னோடது. இவனுக்கு இதில ஒரு பங்கும் இல்லை."

ஃபர்ஸானா அவரை நெருங்கி வந்து, இதை நினைத்துத்தான் சொல்கிறாரா என்று மெல்லக் கேட்டாள். அப்படியென்றால் றொபியின் பத்திரம் திரும்பக் கிடைக்கும், ஆனால் பத்திநாதருடைய குளம் மூடப்படும். அவருடைய காணியிலேயே சொந்தத் தெளிகுளம் வெட்டி முடியும்வரை ஒரு குஞ்சும் விட முடியாது. செய்னுலாப்தீனின் இறாலுக்கும் அவர்தான் பொறுப்பு.

பின்வாங்க அந்த நிமிடம் வழி இருந்தது. அவருடைய குளம் சின்னது. தெளிகுளம் வெட்டினால் மிச்சம் ஒரு துண்டுதான். வயதும் ஏறிவிட்டது. இராசமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பத்திநாதர் றொபியைப் பார்த்தார். எங்கே அவன் மறுபடியும் எழுந்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிடுவானோ என்று பயந்து அவசரமாக, "நினைச்சுத்தான் சொல்லுறன். எழுதுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. செய்னுலாப்தீன் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "பேசாலை ரத்தம்டா இது" என்று சபைக்குச் சொன்னார். கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகப் பத்திநாதருக்காக ஒரு மண்டபம் கை தட்டியது. முன்பின் கதைக்காதவர்கள்கூட வந்து கையைப் பிடித்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையான மனிதரா என்றார்கள். நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ளும் அவருடைய கண் ஒரே முகத்தைத்தான் தேடியது. இப்போது அவனுக்கு எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும். இவ்வளவு நாளும் தான் தின்ற நெருப்பில் ஒரு பொறியாவது அவன் வயிற்றில் விழுந்திருக்குமா என்று பார்க்க வேண்டும்.

றொபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இதுவரை அழாதவன் இப்போது அழுதுகொண்டிருந்தான். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முதலாளி, இந்த மனம் எனக்கு வராது. நாளைக்கே நானும் சுஜியும் வாறம். சேந்து வெட்டுவம்" என்றான். பத்திநாதர் அவன் கண்ணுக்குள் பார்த்தார். வாய்க்கோணத்தைப் பார்த்தார். எங்காவது ஒரு சுளிப்பு, ஒரு கசப்பு இருக்காதா என்று தேடினார். அவன் முகம் முழுக்கச் சந்தோஷம்தான் இருந்தது. எவ்வளவு தேடியும் வேறொன்றும் அகப்படவில்லை.

கற்பிட்டி பஸ்ஸில் திரும்பி வரும்போது பத்திநாதர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பக்கத்தில் இராசமணி கொஞ்சத் தூரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஊரே மெச்சுது. ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறியள்? குளம் போனதுக்கோ?"

"குளம் போனாப் போகட்டும்" என்றார் பத்திநாதர். பிறகு அடக்கமாட்டாமல், "அவனுக்கு என்னில ஒரு துளி எரிச்சலும் வரேல்லையடி. ஒரு துளி" என்றார்.

இராசமணி மடியில் கிடந்த பையை நிமிர்த்தி வைத்தாள்.

"உங்களிட்ட அவன் எல்லாத் தொழிலும் பழகினவன்" என்றாள். "அது ஒண்டுதான் பழகேல்லை."